கல்லூரிப் படிப்பும் அதற்குக் கொடுக்கும் விலையும்

(குடியாத்தத்தில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆண்டுதோறும் இந்த மேடையை அமைத்துத் தரும் நூலகர் அவர்களே, தறி வேலையை முடித்துக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உடல்நலம் குன்றியிருந்தும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டத்தின் மூத்த புரவலர் ஐயா அவர்களுக்குத் தனியே ஒரு வணக்கம்.

கல்லூரிப் படிப்புக்குக் கொடுக்கும் காலமும் பணமும் தகுமா என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. செலவு, காலம், வேலை என்று மூன்று கூறாகப் பேச எண்ணி வந்திருக்கிறேன். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகும். ஆனால் 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்களே நம் பெரியவர்கள், அந்த அளவு தெரிந்தவர்களுக்கே தகும்.

படிப்பின் அருமையை வேலூர் மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் மாண்டதைக் கண்ணால் கண்டு மனம் மாறி மருத்துவம் படித்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியை இங்கே தொடங்கினார். குடியரசுத் தலைவராக உயர்ந்த இராதாகிருஷ்ணன் நம் வேலூர் ஊரிசுக் கல்லூரியில் பயின்றவர். உதவித்தொகையை நம்பிப் படித்த அவர், பின்னர் சென்னையில் தத்துவப் பாடத்தை எடுத்ததற்கு, உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்களைக் கொடுத்ததே காரணம் என்பார்கள். புத்தகச் செலவு அவ்வளவு பெரிய மனிதரின் பாடத்தையே முடிவு செய்தது என்றால், நம் வீடுகளில் பணம் எத்தனை முடிவுகளைச் செய்துகொண்டிருக்கும்!

எங்கள் தெருவில் லுங்கி நெசவு செய்யும் ஒரு குடும்பம். மூத்த மகன் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு தரகர் வீடு தேடி வந்தார். "கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தையை நம்பி வெளியூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்த்தார்கள். அந்த அம்மா செலவையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்; எனக்கே காட்டினார். முதல் பக்கத்தில் கல்விக் கட்டணம் மட்டும். அடுத்த பக்கத்தில் பஸ் கட்டணம், சீருடை, ஷூ, லேப் கட்டணம், வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம். மூன்றாம் பக்கத்தில், "தாலிக்கொடி நீங்கலாக எல்லாம் அடகு" என்று ஒரே வரி. பையன் சோம்பேறி அல்லன். தமிழ் வழியில் படித்தவனுக்கு முதல் ஆண்டுக் கணக்கு புரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை, அரியர் சேர்ந்தது. நான்கு ஆண்டில் முடிய வேண்டியது ஆறானது. வேலைக்குப் பொறுப்பேற்ற தரகர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. கல்விக் கடன் நான்கு லட்சம் வரை நம் பங்குத்தொகை கேட்காமல் கிடைக்கும் என்பதையும், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பதையும், வட்டி மானியம் கிடைக்காதவர்களுக்கு அதற்குள்ளேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் நான் 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று சொன்னபோது, "அளக்கப் படியை யார் சார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வீட்டு இளையவன் கதைதான் என்னை இங்கே பேச வைக்கிறது. அண்ணன் பட்ட கடனை அடைக்க அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறான். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. பி.காம். படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் சில ஆயிரத்தில் அடங்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும், மாதம் ஆயிரம் ரூபாய் அரசு தருகிறது. பணத்துக்கு வழி பிறந்தும் அவனிடம் பகல் இல்லை! சில அரசுக் கல்லூரிகளில் நடக்கும் இரண்டாம் சுழற்சி வகுப்பும் பிற்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. அஞ்சல் வழியில் படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம்தான், ஆனால் சந்தேகம் கேட்க எதிரே ஓர் ஆசிரியர் வேண்டாமா? அது இல்லாமல்தானே அண்ணன் தவறினான்?

ஆகவேதான் நம் அரசுக் கல்லூரியில் மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு வேண்டும் என்று கேட்கிறோம். கட்டடம் இருக்கிறது, பலகை இருக்கிறது, நூலகம் இருக்கிறது. மாலையில் அத்தனையும் பூட்டிக் கிடக்கின்றன. பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளிலும், தறிக் கூடங்களிலும், கடைத்தெருவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சம்பளத்தை விடாமல் பட்டம் பெற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. 1954-இல் முதலமைச்சரான காமராசரை இடைத்தேர்தலில் வெற்றி பெறச் செய்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. கல்லூரி வாசலை மிதித்தறியாத அந்தத் தலைவர் ஊர்தோறும் பள்ளி திறந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த ஊருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு.

வேலைவாய்ப்பைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள், அடுத்துக் கவியரங்கமும் இருக்கிறது. நுழைவாயில் மேசையில் மாலைக் கல்லூரி கோரும் மனு இருக்கிறது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதையும் பெயருக்கு எதிரே எழுதுங்கள்; வகுப்பு நேரத்தை முடிவு செய்ய அந்தக் கணக்கு வேண்டும். வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கிறோம். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடுவோம். வர இயன்றவர்கள் வாருங்கள். வணக்கம்.