நல்ல கேமுக்குள் ஒரு கெட்ட மிஷன்

(கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலையத்தில் மாலைக் கூட்டமொன்றில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் சேர்த்திருக்கிறேன், கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். கொம்பியூட்டர் கேம் பற்றிய பேச்சு என்றதும் பின்வரிசை நிரம்பிவிட்டது. முன்வரிசை ஐயாமார் நிர்வாகக் குழு என்பதால் எழும்பிப் போக வழியில்லாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விளங்குகிற மாதிரிப் பேசப் பார்க்கிறேன்.

எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் அதற்குள் எல்லாரும் திட்டுகிற ஒரு இடம், ஒரு மிஷன், அதாவது முடித்துக் கொடுக்கவேண்டிய ஒரு வேலை, இருக்கும். அந்த இடம் வந்ததும் சிலர் கேமையே அழித்துவிடுவார்கள், சிலர் அண்ணனைக் கூப்பிட்டு "இதை மட்டும் அடிச்சுத் தா" என்பார்கள். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் "கஷ்டம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. கஷ்டமான இடத்தில் தோற்றால் இன்னொருக்கா அடிக்கத்தான் மனம் வரும். வெறுப்பு வருவதற்குக் காரணம் வேறு: அவ்வளவு நேரமும் எதைப் பழக்கினார்களோ, அதையே அந்த இடத்தில் பிடுங்கிவிடுகிறார்கள்.

ஜிடிஏ வைஸ் சிட்டியை எடுங்கள். 2002இல் வந்த கேம், இங்கே பழைய கொம்பியூட்டர்களில் இன்னும் ஓடுகிறது. ஓடவும் கார் ஓட்டவும் சுடவும் மணிக்கணக்காகப் பழகியிருக்கிறோம். திடீரென்று ஒரு வானுக்குள் ஏற்றி, கையில் விளையாட்டு ஹெலிகொப்டர் ஒன்றின் றிமோட்டைத் தந்து, கட்டிக்கொண்டிருக்கிற ஒரு கட்டடத்துக்குள் நாலு குண்டு வை, 7 நிமிடம்தான் என்கிறார்கள். மேலே ஏறுவதற்கு ஒரு பட்டன், முன்னால் சாய்வதற்கு வேறொரு பட்டன், கீபோர்டில் இரண்டு கையும் இரண்டு திசைக்கு இழுக்கும். உள்ளே வேலை செய்கிற ஆட்கள் வேறு அடிக்க வருவார்கள். லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) ஓட்டப் பழக்கிவிட்டு, சோதனையன்று வள்ளத்தில் ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் இது. அந்த மிஷனைத் தனியாக ஒரு சின்னக் கேமாக, படிப்படியாகப் பழக்கித் தந்திருந்தால் பலருக்குப் பிடித்தே இருக்கும்.

இதே தவறை இன்னும் பெரிய அளவில் செய்தது 2011இல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவலூஷன். ஒளிந்து போகலாம், கதவுகளின் குறியீட்டை உடைக்கலாம், பேச்சால் ஆட்களை மடக்கலாம், ஒருவரையும் கொல்லாமலே போகலாம் என்று சொல்லித் தருகிற கேம். அதை நம்பித் தன் திறமையெல்லாம் ஒளிவதிலும் ஹேக்கிங்கிலும் போட்டவனை ஒரு அறைக்குள் பூட்டிவிட்டு, எதிரே ஒரு ராட்சதனை நிறுத்தி, சுட்டே ஆகவேண்டும் என்றார்கள். பெரிய எதிரியோடு நடக்கிற அந்தப் பொஸ் சண்டைகளைச் செய்யும் வேலையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. 2013இல் வந்த திருத்திய பதிப்பில்தான் அந்த அறைகளுக்குள் ஹேக் செய்யவும் ஒளியவும் வழி வைத்தார்கள்.

இப்போது, எல்லாரும் திட்டுகிற, நான் மட்டும் பக்கம் நிற்கிற ஒரு இடம். 1998இல் வந்த செல்டா: ஒக்கரினா ஒஃப் டைம் கேமில் உள்ள நீர்க் கோயில். அதைச் செய்த நிண்டெண்டோவின் கருவிகள் எங்கள் பக்கம் அதிகம் வந்ததில்லை, ஆனால் போனில் எமுலேட்டர் (வேறு கருவியின் கேமை ஓட்டுகிற மென்பொருள்) போட்டு விளையாடியவர்கள் இரண்டு மூன்று பேராவது இங்கே இருப்பீர்கள். கோயிலுக்குள் தண்ணீர் மூன்று மட்டத்தில் நிற்கும், பாட்டு வாசித்து ஏற்றவேண்டும், இறக்கவேண்டும், எந்த மட்டத்தில் எந்தக் கதவு எட்டும் என்று மண்டைக்குள் ஒரு வரைபடம் வைத்திருக்கவேண்டும். குளமும் துருசும் வாய்க்காலுமாக வாழ்கிற சனம் நாங்கள், இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீர் மட்டக் கணக்கு அலுப்பு என்று சொல்லலாமா? புதிர் அருமையான புதிர். பிழை சப்பாத்தில் இருந்தது. அடியில் இறங்க இரும்புச் சப்பாத்துப் போடவேண்டும், மிதக்கக் கழற்றவேண்டும், ஒவ்வொரு தடவையும் கேமை நிறுத்தி, மெனுவைத் திறந்து, சப்பாத்தை மாற்றி, மெனுவை மூடி. அந்தக் கோயிலைச் செய்த எய்ஜி அஒனுமா அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டார். 2011இல் 3டிஎஸ் கருவிக்கு மறுபதிப்புச் செய்தபோது சப்பாத்தை ஒரு தொடுகையில் மாற்ற விட்டார்கள், தண்ணீர் மட்டம் மாற்றுகிற இடங்களுக்கு வழிகாட்ட நிறக் கோடும் போட்டார்கள். கோயில் அதே கோயில்தான், திட்டுத்தான் குறைந்தது. ஒரு நல்ல புதிரை ஒரு மெனு எவ்வளவு காலம் கெட்ட பெயரோடு வைத்திருந்தது பாருங்கள்.

அடுத்தது, எங்கள் வெற்றியை இன்னொருவன் கையில் கொடுக்கிற மிஷன். 2004இல் வந்த ஜிடிஏ சான் அன்ட்ரியாஸில் ரயிலைத் துரத்துகிற இடம் தெரியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். (சிரிப்பு.) யாழ் தேவி ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது, அதற்கு முதலே பல பெடியள் ரயிலைக் கண்டது அந்த மிஷனில்தான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. மோட்டார் சைக்கிளை ஓட்டுவது நாங்கள், சுடுவது பின்னால் இருக்கிற பிக் ஸ்மோக். அவன் சுடுவதெல்லாம் வேறெங்கோ போகும், கடைசியில் திட்டு விழுவது எங்களுக்கு. ரயிலோடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி ஓட்டினால் அவனுக்குக் கோணம் கிடைக்கும், மிஷன் சுகமாக முடியும். ஆனால் அதைக் கேம் சொல்லித் தராது, ரயிலைப் பின்தொடர் என்றுதான் சொல்லும். ரெசிடென்ட் ஈவில் 4இல் ஆஷ்லி என்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதும் இந்த வகைதான், 2023 மறுபதிப்பில் அவளுக்கிருந்த உயிர்க்கோட்டை (எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டுகிற கோடு) எடுத்துவிட்டார்கள், பாதி அலுப்பு அதோடு போயிற்று.

முன்வரிசையில் இருந்து ஐயா ஒருவர் கேட்கிறார், இதெல்லாம் துவக்குச் சூடுதானே தம்பி, இந்த மண்ணில் இருந்துகொண்டு இதை ஏன் விளையாடவேண்டும் என்று. நியாயமான கேள்வி, அதற்கு ஒரு தனி மாலை வேண்டும். பின்வரிசையில் இருப்பவர்களில் பலர் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அது திரையில் வருகிற சத்தம் மட்டும்தான். அவர்களைவிட மூத்தவர்களில், போர்க் கேம்களில் ஷெல் விழுகிற இடம் வந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடுகிறவர்களை எனக்குத் தெரியும், பங்கருக்குள் இறங்குகிற காட்சி வந்ததும் அந்தக் கேமையே விட்டவர்களையும் தெரியும். உலகமே புகழ்கிற மிஷனாக அது இருக்கும். அந்த இடங்களை எந்த மறுபதிப்பாலும் திருத்த முடியாது, திருத்தச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அதனால் அதை என் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, ஐஜிஐ என்ற துவக்குச் சூட்டுக் கேம். 2000ஆம் ஆண்டு, நோர்வேக்காரர்கள் செய்தது. மிஷனுக்கு நடுவில் சேவ் செய்ய, அதாவது விளையாடிய இடத்தைப் பதிந்து வைக்க, முடியாது, அவ்வளவு தூரம் தவழ்ந்து போய்க் கடைசிக் கோபுரத்தில் இருப்பவன் சுட்டால் முதலில் இருந்து தொடங்கவேண்டும். பதற்றம் கூடுகிறது என்று சிலர் இதற்கு வக்காலத்து வாங்குவார்கள், அது கரண்ட் நிற்காத நாட்டில் இருப்பவர்களின் வாதம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு நடந்த நாட்டில், நன்றாக விளையாடினாயா இல்லையா என்பதே கணக்கில் இல்லை, ஃபேன் நின்றால் மிஷனும் போச்சு. நெட் கபேயில் மணிக்குக் காசு கட்டி விளையாடியவர்களுக்கு இன்னும் மோசம், பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்கக் காசு. 2003இல் வந்த இரண்டாம் பாகத்தில் எண்ணிக் கொடுத்த மாதிரிச் சில சேவ் கொடுத்தார்கள். அலுப்பின் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதைக் கேம் செய்கிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

அறிவியல் நகரில் இருந்து பொறியியல் பீடப் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று. எல்லா அலுப்பையும் வெட்டி எறியவும் கூடாது. 2007இல் வந்த மாஸ் எஃபெக்டில் லிஃப்டுகள் ஆமை வேகத்தில் போகும், அதற்குள் நின்று அடுத்த இடம் லோட் ஆகும்வரை காத்திருக்கவேண்டும். எல்லாரும் திட்டினார்கள். 2010இல் இரண்டாம் பாகத்தில் லிஃப்டை எடுத்துவிட்டு வெறும் லோடிங் திரை போட்டார்கள். பிறகுதான் சனத்துக்கு உறைத்தது, அந்த லிஃப்டுக்குள் நிற்கும்போதுதான் கூட வருகிறவர்கள் ஒருவரோடொருவர் கதைத்தார்கள், ஊர்ச் செய்தி கேட்டது. 2021 மறுபதிப்பில் லிஃப்ட் வேகமாகப் போகிறது, கதை கேட்க விரும்பினால் நிற்கலாம், இல்லாவிட்டால் தாண்டலாம். எனக்கு அது நல்ல தீர்வாகப் படுகிறது. ஹாஃப்-லைஃப் என்ற கேமின் கடைசியில் வருகிற ஸென் என்ற வேற்றுலகம் இதற்கு மறுபக்கம்: 1998இல் அதைச் சப்பென்று திட்டினார்கள், பிளாக் மேசா என்ற பெயரில் அந்தக் கேமைத் திரும்பக் கட்டிய ரசிகர் குழு 2012இல் ஸென் இல்லாமலே வெளியிட்டு, அதைப் புதிதாகச் செய்து முழுக் கேமாக 2020இல்தான் முடித்தது. பார்க்க அவ்வளவு வடிவு. இப்போது நீளம் கூடிவிட்டது என்று திட்டுகிறார்கள்.

ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமில் இப்படி ஒரு இடமும் இல்லையே என்று ஒரு தம்பி கேட்கிறார். உண்மைதான். போன் கேம்களில் அலுப்பு ஒரு மிஷனுக்குள் இல்லை, கேம் முழுக்கப் பரவியிருக்கிறது. கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் 2012இல் வந்தது, அதில் ஒரு மதிலை உயர்த்துவது உடனே முடியும், பெரிய கட்டடங்களை உயர்த்த நாள்கணக்காகக் காத்திருக்கவேண்டும், காத்திருக்க மனமில்லாவிட்டால் காசு கொடுத்து ஜெம் (கேமுக்குள் செலவழிக்கிற நாணயம்) வாங்கு. நீர்க் கோயிலின் சப்பாத்துத் தெரியாமல் விட்ட பிழை, செய்தவர் மன்னிப்புக் கேட்டார். இங்கே அலுப்பைத் தெரிந்தே செய்து, அதில் இருந்து வெளியே வர ரிக்கெட் விற்கிறார்கள். மன்னிப்பு வராது, நல்ல வியாபாரம் அது.

ஆகவே கேம் செய்யப்போகிற பிள்ளைகளே, உங்கள் கேமை உங்கள் நண்பனிடம் கொடுக்காதீர்கள், அவன் உங்களுக்காகச் சகித்துக்கொள்வான். தெரியாத ஒரு பெடியனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். எந்த இடத்தில் அவன் போனை எடுத்து நேரம் பார்க்கிறான் என்று குறித்து வையுங்கள், அங்கே அவனிடம் இருந்து எதைப் பிடுங்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். இனி உங்கள் முறை, கேளுங்கள்.