பெருக்கினால் பெருகுமா?

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்திவரும் எனக்கு, விடையைக் கண்டுபிடிப்பதைவிட, அது ஏறக்குறைய எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவதில்தான் ஈடுபாடு அதிகம். பின்னத்தையும் முழு எண்ணையும் பெருக்கும்போது அந்த மதிப்பீட்டை எப்படிச் செய்வது என்பதையே இன்று பேசப்போகிறேன். தாளும் பேனாவும் வேண்டாம். கேட்டுக்கொண்டே மனத்தால் பின்தொடரலாம்.

ஒருநாள் மாணவி ஒருத்தி, முக்காலை 29ஆல் பெருக்கும் கணக்கைச் செய்து குறிப்பேட்டை நீட்டினாள். விடையாக 38, அதனுடன் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதியிருந்தாள். நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்திருக்கிறாள். மேலே இருக்கவேண்டியது கீழே போய்விட்டது. நான் தவறு என்று சொல்லவில்லை. "29இல் முக்கால் பங்கு எவ்வளவு இருக்கும், அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சிறிது யோசித்து, "28இல் முக்கால் 21, ஐயா, அப்படியானால் 21க்குக் கொஞ்சம் மேலே" என்றாள். சரியான விடை இருபத்தொன்றேமுக்கால். சொல்லி முடித்ததும் தன் குறிப்பேட்டை அவளே திரும்பிப் பார்த்தாள். அவள் மனத்துக்குத் தெரிந்திருந்ததைக் கை கேட்காமல் ஓடியிருந்தது.

1978இல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த கணித மதிப்பீட்டில், பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கையும் எட்டில் ஏழு பங்கையும் கூட்டினால் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டுமே ஏறத்தாழ ஒன்று. ஆகவே விடை 2. ஆனால் 13 வயது மாணவர்களில் 24 விழுக்காட்டினர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள், மேல் எண்களைக் கூட்டினால் வரும் 19 என்றோ, கீழ் எண்களைக் கூட்டினால் வரும் 21 என்றோ குறித்தார்கள். அது கூட்டல் கணக்கு என்றாலும் நோய் ஒன்றுதான்: பின்னத்தை ஓர் அளவாகப் பார்க்காமல், மேலும் கீழுமாக நிற்கும் இரண்டு எண்களாகப் பார்ப்பது.

பெருக்கலில் இன்னொரு தடையும் உண்டு. பெருக்கல் என்ற சொல்லே பெருகும் என்று காதில் ஒலிக்கிறது. ஒன்றைவிடச் சிறிய பின்னத்தால் பெருக்கும்போதோ முழு எண் சுருங்கவே செய்யும். ஆகவே 'முக்கால் பெருக்கல் 29' என்று படிக்காமல் '29இல் முக்கால்' என்று படியுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: 29இல் முக்கால். இப்படிப் படித்தவர் 38 என்று எழுதுவது அரிது.

அடுத்து, அந்த மாணவி செய்ததைப் போல, முழு எண்ணை, பின்னத்தின் பகுதியால், அதாவது கீழே நிற்கும் எண்ணால், மீதியின்றி வகுபடும் பக்கத்து எண்ணாக மாற்றிக்கொள்ளலாம். 43இல் எட்டில் ஏழு பங்கு வேண்டுமா? 40க்கு 35, 48க்கு 42. 43 என்பது 40க்கு அருகில் இருப்பதால் விடை 37 அல்லது 38 என்று துணிந்து சொல்லலாம்.

பின்னத்தையே பாதி என்றோ ஒன்று என்றோ மாற்றிக்கொள்வதும் வழக்கம்தான்; ஆனால் இதில் மிகுந்த கவனம் வேண்டும். ஏழில் மூன்று பங்கைப் பாதி என்று கொண்டால், 14க்கு 6 வரவேண்டிய இடத்தில் 7 வரும், பிழை ஒன்றே. அதே மாற்றத்தை 1,400க்குச் செய்தால், 600 வரவேண்டிய இடத்தில் 700 வந்து, பிழை நூறாகிவிடும். மாறாக, 1,398ஐ 1,400 ஆக்கி அதில் ஏழில் மூன்று பங்கை எடுத்தால், பிழை ஒன்றைக்கூட எட்டாது. முழு எண் பெரிதாக இருக்கும்போது பின்னத்தைத் தொடாமல் முழு எண்ணைச் சற்று நகர்த்துவதே பாதுகாப்பு. எதை மாற்றினாலும், கூட்டினோமா குறைத்தோமா என்பதை மறக்கக்கூடாது.

முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்பு எண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றே ஒன்று. நான்கேமுக்காலை 13ஆல் பெருக்க, ஐந்து பதின்மூன்று 65 என்று தொடங்கி, கூடுதலாகச் சேர்த்த கால் பங்குக்காக 13இல் கால், அதாவது மூன்றும் சொச்சமும், கழித்துவிட்டால் விடை 62க்குச் சற்றுக் கீழே நிற்கும். நன்றி, வணக்கம்.