கரை கசியும் தூரம்

(பிப்ரவரி 2, உலக ஈரநில நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வருவாய்த் துறை, வனத் துறை அதிகாரிகளே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிய செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த அறக்கட்டளைப் பெரியவர்களே, சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றியுள்ள நகர்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தினரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முதுமையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நம் மூத்த பொறியாளர் ஐயாவுக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மதகு, கலங்கல், போக்குக்கால்வாய் என்ற சொற்களையே எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

ஈரநிலம் அடங்கிய நிலத்தில் கட்டடம் எழுப்புவது குறித்து மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: சட்டம் என்ன சொல்கிறது, அனுமதி எப்படி வழங்கப்படுகிறது, அங்கே பட்டா வைத்திருப்பவருக்கு என்ன வழி.

"ஏரி நிறைந்தால் கரை கசியும்" என்பார்கள். செல்வர் வீட்டு வளம் அயலாருக்கும் பயன்படும் என்ற கருத்தில் வழங்கும் பழமொழி இது. நான் இன்று அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலில், உள்ள ஈரநிலங்களையும் அரசு அறிவிக்கை செய்யும் பிற ஈரநிலங்களையும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, அங்கே குப்பை கொட்டக் கூடாது என்கின்றன. அந்த விதிகள் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிலையான கட்டுமானம் எதுவும் கூடாது. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரிகள் இந்த விதிகளுக்குள் வரமாட்டா. அவற்றுக்குத் தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நம் பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதன் பரப்பு 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஆகவே, சட்டம் இல்லை என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. ஈரநிலத்தின் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் சதுப்பை ஒட்டி மனை பார்க்கப் போனபோது என்னையும் துணைக்கு அழைத்துச் சென்றார். பங்குனி வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தரகர் கையில் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. சர்வேயர் அளந்து பார்த்து, கல் சரியாக இருக்கிறது, மனை சதுப்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார். நண்பர் முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கை வைத்துவிட்டார். அப்போது பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, "வூடு கட்டவா பாக்கறீங்க?" என்று கேட்டார். "ஆமாம், ஆயா" என்றோம். அவர் மறுமொழி சொல்லாமல் குந்தி உட்கார்ந்து, காய்ந்த கோரைத் தூர் ஒன்றின் அடியில் கைக்குச்சியால் ஒரு சாண் ஆழம் கிளறினார். மேலே வெளுத்திருந்த மண் உள்ளே கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதிலிருந்து நான்கைந்து நத்தை ஓடுகளைப் பொறுக்கி நண்பரின் உள்ளங்கையில் வைத்தார். "இது எங்கிருந்து வந்துச்சு, சொல்லு தம்பி" என்றார். தரகர் பொறுமையிழந்து, சர்வே கல் இதோ நிற்கிறதே என்று சுட்டிக் காட்டினார். அந்த ஆயா சொன்ன சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை: "கல்லு நட்டவன் கோடையில வந்தான், தண்ணி ஐப்பசியிலதான் வரும்." நண்பர் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். 2015 டிசம்பரில் அந்தப் பக்கம் போனேன். கல் கண்ணில் படவில்லை, அங்கே தண்ணீர்தான் நின்றது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, மறுபடியும் நின்றது.

ஏரி நிறைந்தால் கரை கசியும். கசியும் தூரம் வரை ஈரநிலத்தின் ஆட்சி என்பதை 2017 விதிகளே ஏற்றுக்கொள்கின்றன: நீர்ப்பிடிப்பின் எந்தப் பகுதியில் நடக்கும் பணிகள் ஈரநிலத்தைக் கெடுக்குமோ, அந்தத் தாக்கப் பகுதியும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். அது முறையாகக் குறிக்கப்படாததால்தான், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும் வரை பள்ளிக்கரணை ராம்சார் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் திட்ட அனுமதி வழங்க வேண்டாம் என்று 2025-இல் சொல்ல நேர்ந்தது. அனுமதி வழங்கும் முறையை விரிவாகப் பேசலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் வரைபடம் இல்லாமல் அனுமதியைப் பற்றிப் பேசி என்ன பயன்? பட்டா வைத்திருப்பவருக்கு என்ன வழி என்ற மூன்றாவது கேள்வியும் அங்கேயே வந்து நிற்கிறது: வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய நடுத்தரக் குடும்பம் இன்று தவிப்பதற்கும் அந்த வரைபடம் உரிய காலத்தில் ஊராரின் கண்ணில் படாததே காரணம்.

ஆகவே நம் இயக்கத்தின் கோரிக்கை ஒன்றுதான். ஈரநிலத்துக்குள்ளும் தாக்கப் பகுதிக்குள்ளும் வரும் புல எண்கள் அனைத்தும் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலும் பெயின்டால் எழுதப்பட வேண்டும். இணையத்தில் ஏற்றினால் போதாது. அந்த ஆயா வந்து பார்த்து, பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லி, "இந்த எண் விட்டுப்போச்சே" என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அளவை, மழை நின்று தண்ணீர் தளும்பி நிற்கும் கார்த்திகையில் நடக்க வேண்டும். ஏரி நிறைந்தால் கரை கசியும். நிறைந்திருக்கும்போது போய் அளந்தால்தானே கசிவு தெரியும்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். ஊராட்சிப் பகுதியினர் அங்கேயும், மாநகராட்சிப் பகுதியினர் தங்கள் பகுதி சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தின் மாதிரிப் படிவம் வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. புல எண் எழுதும் இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருக்கிறது. உங்கள் தெருவில் 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை வந்தது என்று நினைவிருப்பவர்கள், புறப்படும் முன் அதையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.