துருவில் மூச்சுவிடும் உயிர்கள்

வணக்கம் நண்பர்களே. நாம் எதற்காக ஆக்சிஜனை இழுக்கிறோம்? உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்களைக் கடைசியில் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. வாங்க ஆளில்லை என்றால் உடம்பில் ஆற்றல் உற்பத்தி நின்றுவிடும். மூச்சு என்பதே இந்தக் கைமாற்றுதான்.

சரி, நீர் தேங்கிய மண்ணுக்குள் போவோம். அங்கே சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அடுத்தபடியாக எலக்ட்ரானை வாங்கக்கூடிய நைட்ரேட்டும் சீக்கிரம் காலி. வாங்குவதற்கு ஏராளமாகக் கிடப்பது இரும்புத் துரு. ஆனால் துரு கரையாது, செல்லுக்குள் நுழையாது. அப்படியானால் எலக்ட்ரானைத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். அதைச் செய்யும் பாக்டீரியா ஒன்றைப் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் கண்டதாக 1987-இல் நுண்ணுயிரியலாளர் டெரக் லவ்லியின் குழு அறிவித்தது. ஜியோபாக்டர் இனம் அது.

செல்லின் சவ்வு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் சவ்வுக்குக் குறுக்கே சைட்டோகுரோம் என்ற புரதங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஹீம் உண்டு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புக் கூட்டுதான். எலக்ட்ரான் ஹீமுக்கு ஹீம் தாவி வெளியே வந்துவிடும். ஜியோபாக்டர் தடித்து வளர்ந்த படலம் இளஞ்சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

செல்லிலிருந்து நீளும் நுண்கம்பிகளும் உண்டு. அவை பிலி என்னும் இழைகள் என்று 2005-இல் சொன்னார்கள். 2019-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், சைட்டோகுரோம்களே கோத்த சரம்! அந்த வாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. ஷெவனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குக் கம்பியைவிடத் தூதர்கள்மேல் நம்பிக்கை அதிகம். ஃப்ளேவின் மூலக்கூறுகளைக் கசியவிட்டு, அவற்றிடம் எலக்ட்ரானைக் கொடுத்தனுப்புகிறது.

இப்போது அந்தச் சேற்றில் ஒரு கார்பன் மின்முனையைப் புதைத்து, மேலே ஆக்சிஜன் உள்ள நீரில் இருக்கும் இன்னொரு மின்முனையோடு கம்பியால் இணையுங்கள். துரு ஒருநாள் தீரும். இந்த மின்முனை தீராது. வாங்கியதை உடனே மேலே அனுப்பிவிடும். ஜியோபாக்டருக்கு வேறென்ன வேண்டும்? அங்கேயே ஒட்டி, அடுக்கடுக்காகப் பெருகி, சில பத்து மைக்ரோமீட்டர் தடிமனுக்கு உயிர்ப்படலம் கட்டிவிடும். மேலடுக்குச் செல்கள் மின்முனையைத் தொடுவதே இல்லை. அவற்றின் எலக்ட்ரான், படலத்திலுள்ள சைட்டோகுரோம்கள் வழியாகக் கைமாறிக் கீழே இறங்குகிறது. அண்டை வீட்டார் தயவில் மூச்சு!

அப்புறம் ஏன் படலம் வளர்ந்துகொண்டே போவதில்லை? பலரும் கம்பியைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் சிக்கல் அமிலம்தான். ஜியோபாக்டரின் உணவான அசிட்டேட் மூலக்கூறு ஒன்றைச் சிதைத்தால் 8 எலக்ட்ரான்கள் கிடைக்கும். கூடவே அமிலத்தன்மை தரும் புரோட்டான்களும் வரும். எலக்ட்ரானுக்குக் கம்பி இருக்கிறது. புரோட்டானோ படலத்தினூடே மெல்லக் கசிந்துதான் வெளியேற வேண்டும். அது தேங்கத் தேங்க அடியிலுள்ள செல்கள் புளிப்பில் திணறுகின்றன.

இதில் விளக்கெரியுமா என்று யாராவது கேட்பீர்கள். இப்படி இரு மின்முனைகளை இணைத்த ஒரு மின்கலத்தில் ஒரு வோல்ட்கூடத் தேறாது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், 16 கிலோ எடையுள்ள இத்தகைய கருவி 36 மில்லிவாட் கொடுத்தது. எடைக்குப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அது இயக்கிய, வானிலை அளக்கும் மிதவைக்குத் தேவைப்பட்டது சராசரியாக 18 மில்லிவாட்தான். சேற்றிலிருந்து வந்த மின்சாரத்தில், காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பிக்கொண்டிருந்தது அந்த மிதவை.