காம்பவுண்டு சுவருக்காக லேடீஸ் காலேஜ்ல சேக்காதீங்க

(பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் ஒரு வாசகசாலையில பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணிருக்கேன், ரெண்டு மூணு இடத்துல மட்டும் கூட்டிச் சேத்தேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மூணு மணின்னு நோட்டீஸ்ல போட்டுட்டு மூணே முக்காலுக்குத்தான் தொடங்குதோம், அதனால என்னைப் பத்தின புகழுரை எல்லாம் வேண்டாம்னு செயலாளர் தம்பிகிட்ட சொல்லிட்டேன். பிசிக்ஸ் டீச்சர், நம்ம மாவட்டத்துல ஒரு லேடீஸ் காலேஜ்ல ரொம்ப காலம் சோலி பாத்து ரிட்டயர் ஆயாச்சு, அது போதும்.

அட்மிஷன் நேரத்துல டேபிள் போட்டு இருக்கும்போது வருஷா வருஷம் அம்மைமாரும் அப்பன்மாரும் ஒரே வசனம்தான் சொல்லுவாங்க. "லேடீஸ் காலேஜ்னா ஒரு சமாதானம் டீச்சர். பயலுவ தொந்தரவு கிடையாது, கேட்ட பூட்டிருவாங்க, நாலரைக்கு வீட்டுக்கு வந்திருவா." நானும் சரி சரின்னு தலையாட்டி பார்ம வாங்கி வச்சிருவேன், பின்ன என்ன செய்ய, சீட்டும் நிரம்பணும்லா. இப்போ ரிட்டயர் ஆனதுனால உள்ளதச் சொல்லலாம். நீங்க சுவரப் பாத்து சேக்குதீங்க. சுவருக்கு உள்ள நடக்கிறது வேற. மூணு வருஷம் கழிச்சு உங்க வீட்டுக்கு வாற பிள்ள நீங்க கொண்டு விட்ட பிள்ள மாதிரி அடங்கி ஒடுங்கி இருக்க மாட்டா, எதிர்த்து நாலு கேள்வி கேப்பா, அதுக்குத் தயாரா இருந்தா சேருங்க.

லேப்ல இருந்து தொடங்குதேன், எனக்குத் தெரிஞ்ச இடம் அதுதான். பிராக்டிகல் எக்ஸாமுக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா பல காலேஜுக்குப் போயிருக்கேன், ஆணும் பெண்ணும் சேந்து படிக்கிற காலேஜ்தான் அதுல கூடுதல். எக்ஸாம்னா ஆளுக்கொரு டேபிள். பொட்டன்ஷியோமீட்டர் வந்திருக்கும், நீளக் கம்பிய வச்சு வோல்ட்டேஜ் அளக்கிற கருவி. பிள்ள பார்முலா எழுதிருவா, சர்க்கியூட் படம் ஸ்கேல் வச்சு அழகா வரைஞ்சிருவா, வயர கையில எடுத்ததும் முழிக்க ஆரம்பிச்சிருவா. என்ன மக்களே, வருஷம் முழுக்க செஞ்சதுதானேன்னு கேட்டா, வருஷம் முழுக்க அவ செஞ்சது ரீடிங் எழுதினது மட்டும்தான். ஒரு டேபிளுக்கு மூணு பேரு நாலு பேருன்னு விட்டா கனெக்‌ஷன் குடுக்கிறது பையன், நோட்டுல எழுதுறது அவ. யாரும் கட்டாயப்படுத்தல, "உனக்கு கையெழுத்து நல்லாருக்கும்லா, நீ எழுது", அவ்வளவுதான் நடந்திருக்கும், அவளுக்கும் அது பெருமையாத்தான் இருந்திருக்கும்.

எங்க லேப்ல அந்த வழி இல்ல. நாலு பேரும் பிள்ளைகதான், ஒருத்தி வயர எடுத்தே ஆகணும். முதல் மாசம் பாக்கணுமே, வயர் நுனிய எமரி பேப்பர் வச்சு உரசவே பயம், பேட்டரியத் தொட்டா ஷாக் அடிக்குமா மிஸ்னு கேப்பாங்க, ரெண்டு வோல்ட்டு! ஜாக்கிய, அதாவது கையில பிடிச்சுத் தொடுற முனைய, கம்பியில தொட்டா கரண்ட் காட்டுற கால்வனோமீட்டர் முள்ளு ரெண்டு முனையிலயும் ஒரே பக்கமாப் போகும், அப்படின்னா கனெக்‌ஷன் எங்கயோ தப்பு, உடனே மிஸ்ஸ்னு ஒரு கூப்பாடு. நான் போக மாட்டேன். லேப் அட்டெண்டர் அக்காகிட்டயும் போகாதீங்கன்னு சொல்லிருவேன். பத்து நிமிஷம் தங்களுக்குள்ள சண்ட போட்டு, பிளஸ் எல்லாம் ஒரே முனையில வந்திருக்கான்னு பாத்து, எங்கயாவது லூஸா இருக்கான்னு ஒவ்வொரு திருகா முறுக்கிப் பாத்து, கடைசியில ஒருத்தி கண்டுபிடிச்சு முள்ளு ரெண்டு பக்கமும் ஆடும்போது போடுற சத்தம் இருக்கே, பக்கத்து கெமிஸ்ட்ரி லேப்ல இருந்து ஆள் வந்து எட்டிப் பாப்பாங்க. லேடீஸ் காலேஜால என்ன லாபம்னு யாரு கேட்டாலும் நான் முதல்ல சொல்லுறது அந்தப் பத்து நிமிஷத்தத்தான்.

இதே கதைதான் மத்த இடத்துலயும். காலேஜ் டே வருதுன்னா பெஞ்ச் தூக்குறது, சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட ரேட் பேசுறது, பேனர் கட்ட ஏணியில ஏறுறது எல்லாம் அவங்கதான், வேற ஆள் இல்ல. யூனியன் எலக்‌ஷன்னு எடுத்துக்கிடுங்க. சேந்து படிக்கிற காலேஜ் பலதுல சேர்மன் பையன், பெண் பிள்ளைக்கு லேடி ரெப்னு ஓரத்துல ஒரு நாற்காலி. இங்க சேர்மனும் அவதான், செகரட்டரியும் அவதான், ஸ்போர்ட்ஸ் டே கணக்குல இருநூறு ரூவா இடிக்குதுன்னு பிரின்சிபால்கிட்ட திட்டு வாங்குறதும் அவதான். ஜெயிச்சவளும் தோத்தவளும் மறுநாள் ஒரே டவுன் பஸ்ல கம்பியப் பிடிச்சு நின்னு வரணும்.

கிளாஸ்ல பாத்தீங்கன்னா கடியபட்டணம் முட்டம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ள ஒண்ணு, குலசேகரத்துல அப்பா ரப்பர் பால் வெட்டப் போற வீட்டுப் பிள்ள, அம்மா முந்திரி ஆலைக்குப் போற பிள்ள, பாங்க் மேனேஜர் மக, நாலு பேரும் ஒரே பெஞ்ச். பலரு அவங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆள். நாப்கின் பேட் இருக்கான்னு மூணு பெஞ்ச் தள்ளி இருக்கிறவகிட்ட சத்தமாவே கேக்கலாம், சைகை காட்ட வேண்டாம். (ஆம்பளைங்க ஏன் கீழ பாக்குதீங்க, உங்க மகளும் இதத்தான் கேக்கா.)

இனி கொஞ்சம் பழைய கதை. 1819-ல நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க, இப்போ டதி ஸ்கூல்னு நாம சொல்லுறது அதுதான், லேஸ் பின்னச் சொல்லிக் குடுத்ததும் அவங்கதான். நம்ம அம்மைமாரு மேல்சீலை போடுறதுக்கு 1859 வரைக்கும் போராட வேண்டியிருந்த ஊரு இது, அதுக்கு எவ்வளவோ முன்ன இங்க பெண்ணுக்கு எழுத்து வந்தாச்சு. ஆனா காலேஜ் அப்படி வரல. 1893-ல ஸ்காட் காலேஜ் வந்தது, சரி, ஆனா பெண் பிள்ளைகளுக்குன்னு தனியா வேணும்னா திருவனந்தபுரம் போகணும், இல்லேன்னா ஆரல்வாய்மொழி தாண்டி பாளையங்கோட்டை சாரா டக்கர், அது 1895-ல காலேஜ் ஆனது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம்தானே, அதனால திருவனந்தபுரம்தான் நமக்குத் தலைநகரம்.

அந்தத் திருவனந்தபுரத்துல நடந்தது ஒண்ணு சொல்லுதேன். மேரி புன்னன் லூக்கோஸ்னு ஒருத்தங்க மகாராஜாஸ் காலேஜ்ல சயன்ஸ் கேட்டாங்க. பெண்ணுக்கு சயன்ஸ் கிடையாதுன்னுட்டாங்க. ஹிஸ்டரி எடுத்து 1909-ல பி.ஏ. முடிச்சாங்க, பிறகு லண்டன் போய் டாக்டருக்குப் படிச்சுத் திரும்பி வந்து 1938-ல திருவிதாங்கூருக்கே சர்ஜன் ஜெனரல் ஆனாங்க, நம்ம பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரியும் அப்போ அவங்க கைக்குக் கீழதான். கேக்கக் கொள்ளாம். ஆனா அவங்க அப்பா அரண்மனை டாக்டர், லண்டன் அனுப்ப வழி இருந்தது. வழி இல்லாதவ எத்தன பேரு ஹிஸ்டரியோட நின்னு போயிருப்பா, அவங்க பேரு யாருக்காவது ஓர்மை உண்டா?

சென்னையில 1914-ல குயீன் மேரிஸ் லேடீஸ் காலேஜ் வந்தது, மறுவருஷம் விமன்ஸ் கிறிஸ்டியன். தாவரவியல் ஜானகி அம்மாள் குயீன் மேரிஸ்ல படிச்சவங்க, விமன்ஸ் கிறிஸ்டியன்ல பாடம் எடுத்தவங்க, அங்க இருந்துதான் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போய் மிச்சிகன்ல 1931-ல டாக்டர் பட்டம் வாங்கினாங்க. வானிலை ஆராய்ச்சி அன்னா மணியும் கொஞ்ச நாள் அதே விமன்ஸ் கிறிஸ்டியன்ல டீச்சர். இத ஏன் சொல்லுதேன்னா, லேடீஸ் காலேஜ்னா பிள்ளைகளுக்கு மட்டும்தான் லாபம்னு நினைக்காங்க, படிச்ச பெண்ணுக்கு வேல குடுக்க ஆள் இல்லாத காலத்துல அவங்களுக்குச் சம்பளம் குடுத்த இடமும் அதுதான். அந்த டீச்சரப் பாத்து அடுத்த பிள்ள படிச்சா.

நம்ம ஊர்ல ஹோலி கிராஸ் 1965-ல வந்தது. குழித்துறை ஸ்ரீதேவி குமரி, நாகர்கோவில் விமன்ஸ் கிறிஸ்டியன், சுங்கான்கடை ஸ்ரீ அய்யப்பா, இப்போ எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒண்ணு உண்டு.

சரி, மார்க் கூடுமா? இத நான் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். தென்கொரியா சியோல்ல பிள்ளைகளுக்குக் குலுக்கல்லதான் ஹைஸ்கூல் ஒதுக்குவாங்க, அத வச்சுப் பாத்தப்போ ஆண் தனி பெண் தனின்னு உள்ள பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைக கொஞ்சம் மேலதான் வந்திருக்காங்க. ஆனா 2014-ல 21 நாட்டுல உள்ள 184 ஆராய்ச்சியச் சேத்து வச்சுப் பாத்தவங்க, ஒழுங்கா பண்ணின ஆராய்ச்சிய மட்டும் எடுத்தா பெருசா வித்தியாசம் இல்லேன்னுட்டாங்க. ரெண்டும் பள்ளிக்கூடத்தப் பத்தினதுதான், காலேஜ் இல்ல. அதனால மார்க்குக்காகச் சேருங்கன்னு நான் சொல்ல வரல, வயர் யாரு கையில இருக்குங்கிறததான் சொல்லுதேன், அது மார்க் ஷீட்ல வராது.

அடுத்தது எல்லாரும் கேக்குற கேள்வி, வெளியில ஆம்பளைங்ககூட வேல பாக்கத் தெரியாமப் போயிரும்லா. வேலைக்குச் சேந்த புதுசுல கொஞ்சம் கூச்சம் இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா அண்ணன் தம்பி, டியூஷன், பஸ், கோயில் கமிட்டி, சர்ச் கொயர்னு அவளச் சுத்தி இருக்கிறது முழுக்க கலந்த உலகம்தான், மூணு வருஷம் ஒரே ஒரு இடம் மட்டும் அவளுக்கு வேற மாதிரி இருக்கட்டுமே. அமெரிக்காவுல மேடலின் ஆல்பிரைட், ஹிலாரி கிளிண்டன் ரெண்டு பேரும் வெல்லஸ்லின்னு ஒரு லேடீஸ் காலேஜ்ல படிச்சவங்க, பிறகு வெளியுறவு மந்திரியா உலகத்துல உள்ள அத்தன ஆம்பளைத் தலைவர்கிட்டயும் உக்காந்து பேசினவங்க.

எல்லா லேடீஸ் காலேஜும் இப்படின்னு நம்பிராதீங்க. ஒரு இடத்துல ஸ்டாப் மீட்டிங், ஷால்ல ரெண்டு பின் குத்தணுமா மூணு பின்னான்னு அர மணி நேரம் பேசினோம், லேப்புக்கு புது மீட்டர் வாங்குற விஷயம் டீ வந்ததும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது, வாங்கவும் இல்ல. எந்த இடம்னு கேக்காதீங்க. கல்யாணம் வரைக்கும் பிள்ளைய உக்கார வைக்கிற வெயிட்டிங் ரூம் மாதிரி நடத்துறவங்களும் இருக்காங்க, வீட்டுக்காரங்களும் அதுக்கு ஒத்தாச. 2011 கணக்குப்படி நம்ம மாவட்டம் 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலயே முதல் இடம். அதே மாவட்டத்துலதான் மகளுக்கு எம்.எஸ்சி.யும் இருக்கு, எத்தன பவுன் போடுவீங்கன்னு சம்பந்தம் பேசுறாங்க. இதுல காலேஜ் தனியா ஒண்ணும் புடுங்க முடியாது, கோவத்துல சொல்லுதேன், மன்னிச்சிருங்க.

துட்டு விஷயம் சுருக்கமா. 2022-ல வந்த புதுமைப் பெண் திட்டம் உண்டு, ஆறாம் கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சவளுக்கு மாசம் ஆயிரம் ரூவா அவ அக்கவுண்ட்லயே வரும், இப்போ அரசு உதவி பெறுற பள்ளியில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. சாதாரண டவுன் பஸ்ல பெண்ணுக்கு டிக்கெட்டுக்குத் துட்டு இல்ல. எந்தக் காலேஜ்ல சேந்தாலும் இது கிடைக்கும். அந்த ஆயிரம் ரூவா ஏடிஎம் கார்டு அவ கையிலயே இருக்கட்டும் அண்ணாச்சிமாரே, வாங்கி வச்சுக்கிடாதீங்க.

பார்ம் வாங்கப் போகும்போது பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க, கேள்விய அவ கேக்கட்டும். காலேஜ் கேட்ட எப்போ பூட்டுவீங்கன்னு நீங்க கேக்குறதுக்கு முன்ன, லேப்ல ஒரு டேபிளுக்கு எத்தன பேரு, யூனியன் எலக்‌ஷன் உண்டா, சாயங்காலம் எத்தன மணி வரை லைப்ரரி திறந்திருக்கும், போன வருஷம் முடிச்ச அக்காமாரு இப்போ எங்க இருக்காங்கன்னு அவ கேக்கட்டும். முடிஞ்சா லேப்ப ஒரு தடவ எட்டிப் பாருங்க, மீட்டர் மேல தூசி இருக்கான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிரும்.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்வி இருந்தா இப்போ கேக்கலாம், அஞ்சே கால் குலசேகரம் பஸ்ஸப் பிடிக்க வேண்டியவங்க முதல்ல கேளுங்க.