கார் கடிகாரம் தப்பு நேரம் காட்டுகிறதா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! கார் கடிகாரம் தப்பாக ஓடினால் உடனே பணத்தை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். எவ்வளவு தப்பு என்பதைவிட, எப்படித் தப்புகிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

[திரையில்: 12:00 என்று மின்னும் கடிகாரம்]

வண்டியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் 12:00-க்கே திரும்புகிறதா? கடிகாரத்துக்கு எப்போதும் மின்சாரம் தரும் வயரில் தடை. அதற்கான ஃபியூஸைப் பாருங்கள். வெளியே கடையில் மியூசிக் சிஸ்டம் மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் மஞ்சள், சிவப்பு வயர்கள் மேல்தான். வழக்கமாக மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்கும், சிவப்பில் சாவி திருப்பினால்தான் வரும். இரண்டும் இடம் மாறினால் நேரத்தோடு நீங்கள் சேமித்த ரேடியோ ஸ்டேஷன்களும் காணாமல் போகும். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் மட்டும் நேரம் அழிகிறதா? அப்போதுதான் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

சரி, மெதுவாகப் பின்தங்கும் கடிகாரத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்!

உள்ளே பெரும்பாலும் நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். ஏன் இந்த விசித்திர எண்? பாதியாக்கிக்கொண்டே போங்கள்: 16,384, 8,192, 4,096... 15-வது தடவை மிச்சம் சரியாக 1. மின்சுற்றும் இப்படித்தான் பாதி பாதியாக வெட்டி, நொடிக்கு ஒரு துடிப்பை எடுக்கிறது. இதைக் கண்டுபிடித்தவருக்கே ஒரு லைக் போடலாம்!

இந்தப் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் ஒழுங்காக இருக்கும். வெயில் ஏறினால் மெதுவாகும். அப்போது குளிரில் வேகமாகுமா? ஆகாது, குளிரிலும் மெதுவாகத்தான் ஆகும்! அதுவும் வெப்ப வித்தியாசம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்கு. நாள் முழுக்க 60 டிகிரியில் கிடந்தால் சுமார் மூன்றரை நொடி போய்விடும். கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே படிகம்தான். ஆனால் அது உங்கள் மணிக்கட்டில் சொகுசாக இருக்கிறது, இது கத்திரி வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வேகிறது. பாவம்!

படிகத்தின் தயாரிப்பிலேயே நாளுக்கு ஒன்றிரண்டு நொடி முன்பின் இருக்கும். ஆகவே மாதம் ஒரு நிமிடம் தப்பினால் அது கோளாறே இல்லை, திருத்திவிட்டுப் போங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் தப்பினால் வெயிலைத் திட்டாதீர்கள், கடிகாரமே பழுது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் கடிகாரம் சரியாக அரை மணியோ ஒரு மணியோ தள்ளியிருந்தால் நேர மண்டல அமைப்பை மாற்றுங்கள், முடிந்தது.

அதையும் மீறி ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் பழைய ஹோண்டா, அக்யூரா கார்கள் பலவற்றில் ஆண்டு 2002 என்று மாறிவிட்டது. பழைய ஜிபிஎஸ் சமிக்ஞை 1,024 வாரம் எண்ணியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2022 ஜனவரியிலிருந்து 1,024 வாரம் பின்னால் போனால் 2002 மே! அந்த ஆகஸ்டில் அதுவாகவே சரியானது. அதே வாரம் ஃபியூஸ் மாற்றியவர் யாராவது இருந்தால், இன்னமும் தானே சரிசெய்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

உங்கள் கார் கடிகாரம் எத்தனை நிமிடம் தப்பு? கமெண்டில் போடுங்கள், முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்து!