குரல் வரும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். 1972-இல் 'த டெம்ப்டேஷன்ஸ்' என்ற அமெரிக்க ஆண் பாடகர் குழு பாடிய 'பப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்'. அப்பா ஓர் உருளும் கல், அதாவது ஓரிடத்தில் தங்காத ஆள். டெட்ராய்ட் நகரத்தில் பிறந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர்கள் நார்மன் விட்ஃபீல்டு, பாரெட் ஸ்ட்ராங்.

ஆல்பத்தின் இசைத்தட்டில் இது பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் முதல் நான்கு நிமிடம்போல யாரும் வாயே திறப்பதில்லை. பேஸ் கிடார் ஒரு சின்ன வரியையே சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. மேலே 'வா-வா' என்று வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கும் கிடார், எதிரொலிக்கும் டிரம்பெட், பால் ரைசர் அமைத்த வயலின்கள். என் உரை முழுவதையும் இந்த முன்னிசைக்குள் அடக்கிவிடலாம்!

பிறகு குழுவின் பாடகர் டென்னிஸ் எட்வர்ட்ஸின் கரகரத்த குரல். செப்டம்பர் மூன்றாம் தேதி அப்பா இறந்துவிட்டார். அவரைப் பார்த்தே அறியாத பிள்ளைகள், ஊர் பேசுவதையெல்லாம் அம்மாவிடம் கேட்கிறார்கள். ஒரு நாளும் உழைத்ததில்லையாமே? வெளியே இன்னொரு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டாமே? கடவுள் பேரைச் சொல்லித் திருடினாராமே? கனத்த குரல், கீச்சுக் குரல் என்று ஆள் மாறி மாறிக் கேட்பதால், மூத்ததும் இளையதுமாகப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கிறது.

அம்மா எதற்கும் ஆமாம், இல்லை சொல்வதில்லை. தொப்பியைக் கழற்றி வைத்த இடமே அவருக்கு வீடு, நமக்கு அவர் விட்டுப்போனது தனிமைதான் என்கிறாள். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில். அவள் அவரைக் காப்பாற்றுகிறாளா, கைகழுவுகிறாளா? எனக்கு இரண்டும் கேட்கிறது. அந்தப் பதிலைப் பாடுவதும் அதே ஆண்கள்தான், எல்லோரும் சேர்ந்து.

பாடகர்களுக்கு அப்போது மனத்தாங்கல் இருந்தது. வாத்தியங்களே இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டால் நாங்கள் எதற்கு என்று. தயாரிப்பாளரும் விட்ஃபீல்டுதான். எட்வர்ட்ஸைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து எரிச்சலூட்டினார். அந்த எரிச்சல் அப்படியே பதிவாகிவிட்டது. கடவுள் பேரைச் சொல்லித் திருடிய அப்பாவைப் பற்றிப் பாடும் எட்வர்ட்ஸ், ஒரு போதகரின் மகன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்னிசை விஷயத்தில் என் ஓட்டு விட்ஃபீல்டுக்கே. வராத அப்பாவைப் பற்றிய பாட்டு, நம்மையும் கொஞ்சம் காக்கவைக்கட்டுமே.

அந்த டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம். அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள். அதில் ஒன்று, இந்தப் பாட்டை மட்டும் தனியாக வெளியிட்ட சிறு தட்டின் மறுபக்கத்தில் குரலே இல்லாமல் இருந்த வாத்திய வடிவத்துக்கு! கொஞ்ச காலத்தில் குழு, எங்களுக்கு வேறு தயாரிப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிட்டது.